காய்ச்சல் கிருமியின் மேற்சட்டை

(நமது பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகப் பார்த்தே என் காலம் போனது. "அறிவியல் பற்றிப் பேசுங்கள், ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வேண்டும், பிள்ளையின் பாட்டிக்கும் புரிய வேண்டும்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சுலபமான காரியமில்லை. இருந்தாலும் முயற்சி செய்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிருமியின் சட்டை. கிருமிக்குச் சட்டையா என்று சிரிக்காதீர்கள். அந்தச் சட்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டதால் பிழைத்த உயிர்கள் உண்டு. அந்தச் சட்டையிலேயே நம் விருப்பம்போல் ஒரு அட்டையைத் தைத்துவிடுகிற வித்தையையும் மனிதன் கற்றுக்கொண்டான்.

முதலில் காய்ச்சலைப் பற்றி. இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு "ஜன்னி கண்டுவிட்டது" என்ற சொல் ஞாபகம் இருக்கும். காய்ச்சல் ஒரு வாரமாக இறங்காது. நாக்கு வெள்ளை பூத்துப் போகும், வயிறு உப்பும், பிறகு ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார். லயத்தில் ஒரு வீட்டில் வந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் பயந்து போவார்கள். டிரஸ்ஸர் வந்து பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், அதற்கும் கேட்காவிட்டால் லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். டைபாய்டு என்றும் குடற்காய்ச்சல் என்றும் சொல்வது இதைத்தான்.

இந்தக் கிருமியின் பெயர் சால்மொனெல்லா டைபி. ஆடு, மாடு, கோழி எதனிடமும் இது வாழாது. மனிதனிடம் மட்டுமே வாழும். நோயாளியின் மலத்திலிருந்து தண்ணீருக்குப் போய், தண்ணீரிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும். அது கலந்த சாப்பாடு வழியாகவும் போகும். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்த காலத்தில் தோட்டங்களில் இது ஏன் சுற்றிச் சுற்றி வந்தது என்பது இப்போது விளங்கும். 1991-ல் நம் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா முழுவதும் தண்ணீருக்குத் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் எங்களைப் போன்ற ஆய்வுக்கூடக்காரர்களுக்கு வயிற்றில் நெருப்பு. குழாய்த் தண்ணீர் நின்றால் ஜனங்கள் கிடைத்த தண்ணீரைக் குடிப்பார்கள் அல்லவா? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்தது, 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். பழைய காலத்து நோய் என்று தள்ளிவிட முடியாது.

நம் நாட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன், பள்ளிப் புத்தகத்தில் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டத்துக்காரர்களைப் பிடிக்கும் இன்னொரு காய்ச்சல் உண்டு. லாலான் புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருவது, புதர்க்காய்ச்சல். இரண்டு காய்ச்சலும் ஆரம்பத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகமாக இருக்கும். 1948-ல் ஸ்மேடல், உட்வர்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூருக்கு வந்தார்கள். அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, குளோரம்பெனிக்கால் என்ற புது மருந்தைப் புதர்க்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புதர்க்காய்ச்சல் என்று நினைத்துச் சிகிச்சை செய்த இடத்தில், ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டைபாய்டு என்று தெரிந்தது. ஆனால் ஆள் தேறிக்கொண்டிருந்தார்! உடனே டைபாய்டு நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் மங்கிகர் என்ற இந்தியப் பெயரும் இருக்கிறது. டைபாய்டுக்கு உலகத்தில் முதன்முதலாக நல்ல மருந்து கிடைத்தது, நம் கோலாலம்பூரில்தான்.

அந்த மகிழ்ச்சி கால் நூற்றாண்டுகூட முழுசாக நிலைக்கவில்லை. 1972-ல் மெக்சிகோவிலும், கேரளத்துக் கோழிக்கோட்டிலும் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிருமி கிளம்பிவிட்டது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் இருப்பது அதைவிடப் பொல்லாதது, பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாது. மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், எந்தக் காய்ச்சல் என்று தெரியாமலே மருந்து விழுங்குவதும் இந்தப் பொல்லாத கிருமிகளுக்கு நாமே தீனி போடுவது. ஆகவே எந்தக் கிருமி என்று விரைவாகக் கண்டுபிடிப்பது மருந்துக்குச் சமமான காரியமாகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் சட்டை வருகிறது.

டைபாய்டு கிருமிக்கும், நம் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்ற கிருமிக்கும் உடம்பைச் சுற்றி இரண்டு உறைகள். உள்ளே ஒரு பனியன், வெளியே ஒரு மேற்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியுறை நல்ல கெட்டி, கண்டது எதையும் உள்ளே விடாது. அப்படியானால் கிருமி எப்படிச் சாப்பிடும்? அதற்காக உறை நெடுக வாசல்கள் வைத்திருக்கிறது. அந்த வாசல்கள் புரதத்தால் ஆனவை. வெளியுறைப் புரதம் என்று பெயர். பலகைகளை வட்டமாக நிறுத்திச் செய்த பீப்பாய் மாதிரி இருக்கும். பலகைகளை இரண்டிரண்டாக இணைத்து, வெளிப்பக்கம் சின்னச் சின்ன வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓம்ப்-ஏ என்ற புரதத்தின் பீப்பாயில் 8 பலகை. லாம்ப்-பி என்பதில் 18. ஒரே ஒரு ஈ.கோலை கிருமியின் மேல் ஓம்ப்-ஏ மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கும். கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு!

புரதம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். இருபது வகை மணிகளை வேண்டிய வரிசையில் கோத்த மாலை. அந்த மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். மாலை சின்னதாக, பத்து இருபது மணியோடு இருந்தால் அது பெப்டைடு. மாலை எப்படி வேண்டுமானாலும் மடங்காது. எந்தக் கோணங்களில் மடங்கும், எந்தக் கோணங்களில் மணியோடு மணி முட்டிக்கொள்ளும் என்று 1963-ல் கணக்குப் போட்டுப் படம் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். ராமச்சந்திரனும், அவரோடு வேலை செய்த ராமகிருஷ்ணனும் சசிசேகரனும். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், ராமச்சந்திரன் படத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார்கள். நான் சொன்ன பீப்பாய்ப் பலகைகளும் அந்தப் படத்தில் தமக்கென்று உள்ள மூலையில் வந்து உட்காரும்.

கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் நம் ரத்தம் முதலில் பார்ப்பது இந்த மேற்சட்டையைத்தான். அதைப் பார்த்து அடையாளம் பிடித்து, அதில் ஒட்டிக்கொள்கிற எதிர்ப்பொருள்களை உடம்பு தயாரிக்கும். டைபாய்டு வந்தவர் ரத்தத்தில் டைபாய்டுச் சட்டைக்கான எதிர்ப்பொருள் இருக்கும். இந்தச் சூட்சுமத்தை வைத்து 1896-லேயே விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு பரிசோதனை செய்தார். இன்றைக்கும் "விடால் டெஸ்ட்" நடக்கிறது. ஆனால் நம் நாடு மாதிரி டைபாய்டு உலவுகிற இடத்தில் அது அடிக்கடி ஏமாற்றும். முன்பு எப்போதோ வந்த நோய்க்கும், போட்ட ஊசிக்கும், பக்கத்து இனக் கிருமிக்கும்கூட அது "ஆம்" சொல்லிவிடும். கிருமியையே ரத்தத்திலிருந்து வளர்த்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதற்கு இரண்டு நாளாவது வேண்டும், மேலேயும் ஆகலாம். அதற்குள் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டால்?

கிளந்தானில் டைபாய்டு அதிகம். அங்கே குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டாக்டர் அஸ்மா இஸ்மாயில் என்ற பெண்மணி, தம் குழுவினரோடு டைபாய்டு கிருமியின் வெளியுறைப் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அவற்றுள் 50 கிலோ டால்டன் எடையுள்ள ஒரு புரதம், டைபாய்டு நோயாளியின் எதிர்ப்பொருளைக் குறிப்பாக இழுப்பதைக் கண்டார். அந்தப் புரதத்தை ஒரு தாளில் ஒரு பொட்டாக வைத்தார். நோயாளியின் ரத்தநீர் அதில் படும். எதிர்ப்பொருள் இருந்தால் பொட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிறம் கொடுக்கும் மருந்தை விட்டால் பொட்டு நிறமேறித் தெரியும். இரண்டு நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. 1991-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே "டைபிடாட்" என்ற பெயரில் விற்பனைக்கும் வந்து, வெளிநாடுகளுக்கும் போனது. அந்த அம்மையார் 2016-ல் மலேசிய அறிவியல் கழகத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். இங்கே இருக்கிற பெண் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

சொல்வதென்றால் முழுக்கச் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருளில் இரண்டு வகை. ஐ.ஜி.எம். என்பது புதுசாக நோய் வந்ததும் கிளம்புவது. ஐ.ஜி.ஜி. என்பது பின்னால் வந்து இரண்டு வருஷத்துக்கு மேலும் ரத்தத்திலேயே தங்குவது. பழையது நின்றால் புதுசு மறைந்துபோகும். அதனால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் பார்க்கும் டைபிடாட்-எம் என்பதை அவர்களே பின்னர் செய்தார்கள். 2017-ல் உலகெங்கும் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, டைபிடாட் வகைகள் நூறு டைபாய்டு நோயாளிகளில் சராசரியாக 84 பேரைப் பிடித்தன, 16 பேரை விட்டன. டைபாய்டு இல்லாத நூறு பேரில் 21 பேரை டைபாய்டு என்றும் சொல்லிவிட்டன. ஆகவே தாளில் பொட்டு வரவில்லை என்பதற்காகக் காய்ச்சல் இறங்காத பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டர் "மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்றால் "ஏற்கனவே எடுத்தாச்சே" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இதுவரை சொன்னது சட்டையைப் படிப்பது. இனி சட்டையில் தைப்பது.

1986-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் கழகத்தில் மோரிஸ் ஹோஃப்னுங் என்பவரின் குழு ஒரு வேலை செய்தது. லாம்ப்-பி பீப்பாயின் வெளி வளையம் ஒன்றில், போலியோ வைரசிலிருந்து எடுத்த 11 மணி நீளமுள்ள பெப்டைடு ஒன்றைச் சொருகினார்கள். கிருமியின் சட்டையில் ஊசி நூல் வைத்து அல்ல! சட்டை தைக்கும் அளவுச் சீட்டு கிருமியின் உள்ளே மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டில் அவர்கள் ஒரு வரியைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கிருமி பெறும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் போலியோ அட்டையோடு பிறந்தன. நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் ஒன்று எத்தனை ஆகும்? கணக்குப் பரிசு வாங்கப் போகிற மாணவர் போட்டுப் பார்க்கட்டும். நூறு கோடிக்கு மேல் வரும்.

கிருமி அட்டையைப் போட்டுக்கொண்டதே தவிர, அதற்குப் போலியோ வரவில்லை, போலியோவைக் கொடுக்கவும் முடியாது. அட்டை அட்டைதான், ஆள் இல்லை. ஆனால் போலியோவைத் தேடும் எதிர்ப்பொருள் அதைப் பார்த்து "இவன்தான்" என்று வந்து ஒட்டிக்கொண்டது. அட்டை வெளியே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதற்கு முந்தின ஆண்டு, 1985-ல், ஜார்ஜ் ஸ்மித் என்ற அமெரிக்கர் கிருமியைத் தின்னும் வைரசின் மேல் இதே மாதிரி பெப்டைடைக் காட்டியிருந்தார். 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் என்ன லாபம் என்று பெற்றோர்கள் கேட்பது நியாயம். ஒரு அட்டைக்குப் பதிலாக, ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகளின் வரிசையை மாற்றி மாற்றிக் கோடிக்கணக்கான அட்டைகள். எல்லாக் கிருமிகளும் ஒரே குழாயில். அதில் நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை, ஒளிரும் சாயத்தோடு சேர்த்து விடுவார்கள். பெரட்டுக் களத்தில் ஆயிரம் பேர் நிற்கும்போது மண்டோர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்த ஆள் மட்டும் "இருக்கிறேன்" என்று கை தூக்குவார் அல்லவா? அதே கதைதான். பொருந்துகிற அட்டை போட்ட கிருமி மட்டும் ஒளிவிடும். ஒளிவிடுவதை மட்டும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொறுக்கி எடுக்க இயந்திரம் இருக்கிறது. பொறுக்கியதை வளர்த்து, அதன் அளவுச் சீட்டைப் படித்தால், அந்த எதிர்ப்பொருள் தேடுவது எந்த வரிசை என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்துவிடும். என்ன நோய் என்று தெரியாமல் ரத்தத்தில் மட்டும் தடயம் இருக்கிற இடத்தில்கூட இது உதவும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியூ என்பவரின் குழு 1992-ல் ஓம்ப்-ஏயின் ஒரு துண்டை வைத்து முழுப் புரதத்தையே வெளியே நிறுத்திக் காட்டியது. பின்னர் கலிஃபோர்னியாவில் டாக்கர்டி என்பவரின் குழு, ஓம்ப்-எக்ஸ் என்ற சின்னப் பீப்பாயை வெட்டித் திருப்பி ஒட்டி, அட்டை நுனியில் நன்றாக ஆடும்படி செய்தது.

வேறு வேலைக்கும் இது ஆகும். 1996-ல் மத்ரித் நகர ஆராய்ச்சியாளர்கள் ஹிஸ்டிடின் என்ற மணியை வரிசையாகக் கோத்து லாம்ப்-பியில் சொருகினார்கள். உலோகத்தைக் கவ்வும் குணம் அந்த மணிக்கு உண்டு. காட்மியம் என்ற நச்சு உலோகத்தை அந்தக் கிருமிகள் சாதாரணக் கிருமிகளைப்போல் சுமார் 11 மடங்கு பிடித்தன. பாஸ்பேட் உரத்திலும் பழைய பேட்டரியிலும் காட்மியம் இருப்பதை உரம் போடுகிறவர்கள் அறிய வேண்டும். அதற்காக நாளைக்கே இந்தக் கிருமியை ஆற்றில் கொட்டிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரபணு மாற்றிய உயிரை இஷ்டத்துக்கு வெளியே விட முடியாதபடி நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எனக்குக் கேட்டால், அது இருக்கத்தான் வேண்டும்.

இந்த வித்தைக்கு எல்லையும் உண்டு. அட்டை நீளமானால் பீப்பாய் கோணிப்போகும், கிருமி நோஞ்சானாகும், சில நேரம் அட்டையை வெட்டி எறிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் பாதிப் பொழுது இதோடு மல்லுக்கட்டியே போகும் என்று அதில் இருக்கும் இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, சட்டை சம்பந்தமான இன்னொன்று உங்கள் பையிலேயே இருக்கலாம். கடையில், கேண்டீனில் சமைத்துப் பரிமாறுகிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற அந்த ஊசியில் இருப்பது கிருமி அல்ல. மேற்சட்டைக்கும் மேலே அது போர்த்திக்கொள்ளும் வி.ஐ. என்ற சர்க்கரைப் போர்வை. சின்னக் குழந்தைகளுக்கு அந்தப் போர்வை மட்டும் போதாது, உடம்பு அதைச் சரியாகக் கவனிக்காது. அதனால் போர்வையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசி ஹைதராபாத்தில் உருவானது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடலாம். இவ்வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றை முதலில் பெற்றது அதுதான். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா, தமிழ்நாட்டில் திருத்தணிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

கடை வைத்திருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, உங்கள் ஊசி அட்டையை வீட்டுக்குப் போய் எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷம் தாண்டியிருந்தால் திங்கட்கிழமையே கிளினிக்குக்குப் போய் வாருங்கள். பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருக்கிறார்கள், செயலாளரும் கடிகாரத்தைக் காட்டுகிறார்.